முயலின் பல்லும் கோட்டின் பொத்தானும்

தையல்காரர் இன்ச் டேப்பை முயலின் வாயருகே கொண்டுபோனார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஆடாம நில்லு. உனக்கென்ன சட்டையா தைக்கப் போறேன்?"

முயலின் முன்பற்கள் நீண்டு வளைந்து, வாயை மூடவிடாமல் நின்றன. 'இதுக்குப் பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும். கெட்டியானதைக் கடிச்சாத்தான் தேயும். ஒரு வாரம் பாருங்க. இல்லேன்னா மயக்க மருந்து குடுத்து வெட்டணும். சின்ன உயிர், தாங்குமான்னு தெரியல' என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடவில்லை.

தையல்காரர் கூண்டுக்குள் காய்ந்த குச்சிகளைப் போட்டார். விடிந்தபோது தூள்தான் கிடந்தது. பல்லை அளந்தார். நூலளவும் குறையவில்லை.

தன் மர ஸ்கேலை வைத்தார். ஸ்கேல் பாதியானது, பல் வளர்ந்திருந்தது.

"கட்டையைத் தின்னா பல்லு வளருமா மாமா?" என்று மாமனாரிடம் கேட்டார்.

"என்னைக் கேட்டா? எனக்கு இருந்ததெல்லாம் கொட்டியாச்சு" என்றார் பொக்கைவாய் மாமனார்.

இந்த அதிசயத்தைப் பார்த்தே விடுவது என்று தையல்காரர் கூண்டையே திறந்துவிட்டார். மறுநாள், தைக்க வந்த கோட்டில் மரப் பொத்தான்களைக் காணோம்.

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "கோட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றது?"

"விடு, பல்லு தேயுதுல்ல" என்று டேப்பை எடுத்தார். தேயவில்லை.

கெடு முடிந்ததும் குடும்பமே மருத்துவரிடம் போய் நின்றது. அவர் விளக்கடித்துப் பார்த்தார்.

"இந்தப் பல்லு கட்டையைத் தொட்டதே இல்லையே. என்னதான் குடுத்தீங்க?"

மாமனார் தொண்டையைச் செருமினார். "வாயில்லா ஜீவன் மாப்பிள்ளை. மனசு கேக்கல. தினமும் படுக்கப் போறப்போ எடுத்துட்டுப் போயி, எனக்கு நனைச்ச பால் ரொட்டியிலயே பாதிய ஊட்டிட்டு, என் பக்கத்துலயே படுக்க வச்சுக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடி கூண்டுல விட்டுடுவேன்."

மகளுக்குக் கண் கலங்கியது. "இப்ப வெட்டணுமா டாக்டர்?"

"வெட்டணும்மா. ஆனா தாத்தா ரொட்டியில நல்லாத் தேறியிருக்கு. இப்பத் தாங்கும். அப்புறம் காஞ்ச புல்லு மட்டுந்தான்."

மகள் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரருக்கும் மூச்சு வந்தது. ஆனால் டேப்பைக் கையிலிருந்து விடவில்லை.

"அப்போ குச்சி, ஸ்கேலு, பொத்தானு?"

மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு மட்டும் நிச்சயம் சார். உங்க வீட்டு எலிக்குப் பல் தொந்தரவே வராது."