காரை விரட்டிய பஞ்சுவும் செகண்ட் கியர் அண்ணாச்சியும்

உலகத்தில் மூன்றாவது கியர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்திருக்கவே கூடாது என்று மனதார நம்பிய டிரைவர் ஒரே ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் எங்கள் தெருவில், எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் செகண்ட் கியர் அண்ணாச்சி.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மினி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பஸ்ஸில் ஏறியவர்கள் வழியில் இறங்கி டீ குடித்துவிட்டு, நடந்து போய் அதே பஸ்ஸில் திரும்ப ஏறிக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். பெண் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பம் போய்ச் சேருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்றும் ஒரு கதை உண்டு. இதில் எதையும் அவர் மறுத்ததில்லை. "நிச்சயமாயிருச்சு, சரி. போன வழியில ஒரு கோழிக்குஞ்சாச்சும் செத்துச்சா?" என்று மட்டும் கேட்பார். செத்ததில்லை. அவருடைய மொத்த சர்வீஸிலும் ஒரு கோழி, ஒரு பூனை, ஒரு நாய்கூட அவர் சக்கரத்தில் பட்டதில்லை.

இந்த மனிதரிடம் நான் போய் நின்றது பஞ்சுவால்.

பஞ்சு எங்கள் நாய். அசல் ராஜபாளையம். என்னைப் போல நூல் மில்லில் வேலை பார்ப்பவன் வீட்டுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி வந்தால் வேறென்ன பெயர் வைப்பது? ஒரு வயது முடிவதற்குள் கால் நீண்டு, மார்பு விரிந்து, தெருவில் கார் திரும்பினால் போதும், கேட்டைத் தாண்டிக் குதித்து விரட்ட ஆரம்பித்தது. பைக்கை விட்டுவிடும். ஆட்டோவை மதிக்கவே மதிக்காது. கார், வேன் என்றால்தான் அதற்கு மரியாதை.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்புப் பண்ணினோம். வேறு ஊராக இருந்தால் நாயைப் பிடித்துக் கட்டியிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பெயரைச் சுமக்கிற நாய் அப்படி ஓடுவதைப் பார்த்தால் எங்களால் சும்மா இருக்க முடியாது. டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸோடு வெளியே வருவார்கள். "விடாதலே, புடி புடி" என்பார் ஒருவர். "எம்புட்டு ஸ்பீடு, பாத்தீகளா" என்பார் இன்னொருவர். கார் தெருமுனை தாண்டியதும் கைதட்டல். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டியிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

என் மனைவி ஜெயா தட்டவில்லை. இதற்கு முன்னால் எங்களிடம் இருந்த நாய் ஒரு கார்ச் சக்கரத்தில்தான் போனது. அதை ரோட்டில் இருந்து தூக்கி வந்தவள் அவள். ஒரு நாள் காலையில் அவள் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, பஞ்சு ஒரு காரின் பின்சக்கரத்தில் இருந்து நூலிழையில் தப்பி, உருண்டு எழுந்து வந்தது. ஜெயா டீச்சர் அன்று ஸ்கூலுக்குப் போகவில்லை.

"ஏங்க, இன்னொரு தடவ என்னால தூக்கிட்டு வர முடியாது. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். இது நிக்கலைன்னா தேவதானத்துல எங்க அண்ணன் தோப்புக்கு அனுப்பிருவேன். அங்க கார் வராது" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அழுதுகொண்டே சொன்னாள். பஞ்சு இல்லாத வீட்டை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி முழுக்கதையும் கேட்டார். பிறகு நாயைப் பற்றி ஒன்றும் கேட்காமல், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கார் வருது. நாய் வெரட்டுது. கார் போயிருது. நாய் என்ன நெனைக்கும்?"

"தெரியலையே அண்ணாச்சி."

"நாம ஜெயிச்சிட்டோம்னு நெனைக்கும். ஒரு நாளைக்கு இருவது தடவ ஜெயிக்கிறவன் அந்த வேலைய விடுவானா? போதாக்கொறைக்கு நீங்க வேற கைதட்டுதீக. மொதல்ல உங்கள வசக்கணும் தம்பி. நாயெல்லாம் பொறவு."

அன்றைக்கே டீக்கடை வாசலில் போய் நின்று, இனி எவனாவது கைதட்டினால் அவன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தான் வாடகைக்கு ஓட்டும் ஆம்னி வேன் வராது என்று அறிவித்தார். அவர் வேனில் போனால் முகூர்த்தம் தவறிவிடும் என்பதால் இது மிரட்டலா, உபகாரமா என்று யாருக்கும் விளங்கவில்லை. இருந்தாலும் கைதட்டல் நின்றது.

அடுத்தது பாஷை. "நில்லு, போகாத, வேண்டாம்னு நீங்க தமிழ்ல கத்துன அம்புட்டும் அதுக்கு 'புடி புடி'யோட சேந்துபோச்சு. புதுசா ஒரு வார்த்தை வேணும்" என்றார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். 'நில்' என்பதற்குத் தெலுங்கில் 'ஆகு' என்று சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜெபத்துக்குத் தமிழ், நாய்க்குத் தெலுங்கு.

தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டோரம் இருந்த ஒரு காலி இடத்துக்குப் போவோம். ரோட்டை விட்டு வெகுதூரம் தள்ளி அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். பஞ்சுவைக் கட்டிய கயிறு என் கையில். அவர் மடியில் இரண்டு டப்பா. ஒன்றில் வேகவைத்த கோழி ஈரல், துண்டு துண்டாக. இன்னொன்றில் பால்கோவா. தூரத்தில் கார் தெரியும். பஞ்சுவின் காது நிமிர்ந்ததும், கால் கிளம்புவதற்கு முன்னால், "ஆகு" என்பார். பஞ்சு உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தால் அதற்கு ஒரு துண்டு ஈரல். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு ஒரு வாய் பால்கோவா.

"அண்ணாச்சி, எனக்கு?"

"நீங்க இன்னும் ஒண்ணும் செய்யலையே தம்பி."

வாரத்துக்கு ஒருமுறை நாற்காலியை ரோட்டுப் பக்கம் பத்தடி நகர்த்துவார். நாய் தடுமாறினால் மறுபடி பத்தடி பின்னால். எனக்கோ கிறிஸ்மஸ் நெருங்குகிற பயம். "செத்த வேகமாப் போவோமே அண்ணாச்சி" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "வேகமாப் போகாம இருக்கத்தான தம்பி இம்புட்டுப் பாடு" என்று நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டார்.

கடைசிப் பரீட்சையை எங்கள் தெருவிலேயே வைத்தார். தெருவின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி மற்ற வண்டிகளை மறித்துவிட்டு, தன் ஆம்னி வேனில் வந்தார். செகண்ட் கியரில்தான். பஞ்சுவுக்குக் கயிறு இல்லை. வேனைப் பார்த்ததும் அதற்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ஒரே பாய்ச்சல். ஜெயா வாசலில் கண்ணை மூடிக்கொண்டாள்.

வேன் நின்றது. அண்ணாச்சி இன்ஜினை அணைத்தார். இறங்கினார். வேனில் சாய்ந்து நின்று பேப்பரை விரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

பஞ்சு விரட்டி ஒரு வண்டி நின்றது அதுதான் முதல்முறை. வேனைச் சுற்றி வந்தது. டயரை முகர்ந்தது. சண்டை போடப் போன வீட்டில் உட்காரச் சொல்லி காபி கொடுத்தால் நாம் விழிப்போமே, அப்படி விழித்தது. அண்ணாச்சி பேப்பரைத் தாழ்த்தி, "ஆகு" என்றார். நடுத்தெருவில் உட்கார்ந்தது. "வெரட்டுனா வண்டி நின்னுரும்னா அதுல என்ன ருசி இருக்கு" என்று ஈரலை எடுத்து நீட்டினார். அதே தெருவில் மறுபடி மறுபடி வேனை ஓட்டி வந்தார். நாலாவது தடவையில் இருந்து பஞ்சு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கு ஜெயா கேக்கின் முதல் துண்டை எதிர்வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள். தேவதானம் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

போன மாதம் அண்ணாச்சியை அவர் மகன் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனான். வயதாகிவிட்டது, இனி மகனோடுதான். மகன் எல்லா கியரும் போடுகிறவன். பஞ்சு எங்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கார் கிளம்பியதும் அண்ணாச்சி ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏலே பஞ்சு, இன்னைக்கு ஒரு நா வெரட்டுனாத்தான் என்னலே."

குரல் அவர் குரலாகவே இல்லை. பஞ்சு அசையவில்லை. அம்புட்டு நல்ல வாத்தியார் அவர்.

கார் டீக்கடையைத் தாண்டியது. எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, செருப்புக்கூட மாட்டாமல் அதன் பின்னால் ஓடினேன். டீக்கடையில் ஒருவரும் கைதட்டவில்லை.

தெருமுனையில் கார் நின்றது. மகனிடம் சொல்லி நிறுத்தியிருக்கிறார். கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார். நான் கிட்டே போய் நின்றேன். காரைப் பிடித்தாயிற்று, அடுத்து என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

"ஆகு" என்றார் என்னைப் பார்த்து. கையில் இருந்த டப்பாவைத் திறந்து, ஒரு விள்ளல் பால்கோவாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

இப்போதும் தெருவில் ஏதாவது கார் மெதுவாக வந்தால் பஞ்சு உட்கார்ந்துகொள்கிறது. நான்தான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.