கிச்சாவின் வெள்ளாவி அடுப்பு

அந்தச் சத்தம் நீளமானது. டப்பென்று வந்து போகிற சத்தமில்லை. ‘டர்ர்ர்’ என்று நிதானமாக, தன் வேலையைத் தானே ரசித்துச் செய்வதுபோல, ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போய் நின்ற சத்தம். முப்பத்திரண்டாம் வருஷம் அந்தப் பௌதிக வகுப்பின் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாடமெல்லாம் எப்போதோ மறந்திருக்கும். அந்தச் சத்தம் மறந்திருக்காது.

நடந்தது இவ்வளவுதான். கீழே விழுந்த சாக்குக்கட்டியை எடுக்கக் கிச்சா குனிந்தார். அவருடைய பஞ்சகச்சம் குனிய மறுத்துவிட்டது.

கல்லூரிக் காகிதங்களில் அவர் கிருஷ்ணஸ்வாமி, பௌதிக ஆசிரியர். மயிலாப்பூரில் எல்லாருக்கும் கிச்சா. கோட்டைக் கழற்றி இடுப்பில் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டு, தலையில் தலைப்பாகை மட்டும் கம்பீரமாக நிற்க, டிராமில் ஏறி வீடு வந்து சேர்ந்தார். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் துரைசானி வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

சித்திரைக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. செருப்பை உதறிவிட்டு, கூடத்தில் நின்றபடியே பிரகடனம் செய்தார்.

“காமு! இனிமே இந்தாத்துத் துணி ஒண்ணுகூட வெளியில வெளுக்கப் போகாது! நானே வெளுக்கப் போறேன்!”

சமையலறையிலிருந்து காமாக்ஷி எட்டிப் பார்த்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் தாரை தாரையாகத் தண்ணீர்.

கிச்சாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. “அழாதேடி. வேஷ்டிதானே போச்சு, மானம் பாதி மிச்சம் இருக்கு.”

“அழலேன்னா. சவுக்குக் கட்டை ஈரம்.”

அந்தச் சமையலறைக்குப் புகைபோக்கி கிடையாது. ஓட்டு இடுக்கில் வழி கண்டுபிடித்துப் போகிற புகை போகும். மற்றதெல்லாம் காமாக்ஷியின் கண்ணில் தங்கும். போன வருஷமே கண் டாக்டர் சொல்லிவிட்டார்: இந்தப் புகையில் இன்னும் சில வருஷம் உட்கார்ந்தால் பார்வை மிஞ்சாது. அன்று மாலையே காமாக்ஷி ஒரு புகைபோக்கி கேட்டாள். கிச்சா ஒரு சீசா பன்னீர் வாங்கிக் கொடுத்தார். மறுபடி கேட்டாள்.

“அடுப்புன்னா புகையத்தான் புகையும். எங்கம்மா முப்பது வருஷம் இதே அடுப்புலதான் சமைச்சா.”

“கடைசி அஞ்சு வருஷம் அவாளைக் கையைப் பிடிச்சுக் கிணத்தடிக்குக் கூட்டிண்டு போனது யாரு?”

“வயசானா கண் தெரியாதுதான்.”

அதற்குப் பிறகு காமாக்ஷி புகைபோக்கியைப் பற்றிப் பேசவில்லை. பேசாதவள் மறந்துவிட்டாள் என்று நினைப்பது கிச்சாவின் வழக்கம். உலகத்தில் பாதிப் பேருக்கு அதுதான் வழக்கம்.

மறுநாள் சலவைக்காரன் கொண்டய்யா மூட்டையோடு வந்தான். கிழிந்த வேஷ்டியைக் கிச்சா அவன் முகத்துக்கு நேரே கொடி மாதிரி விரித்துக் காட்டினார். ஓட்டை வழியாகக் கொண்டய்யாவின் முகம் முழுசாகத் தெரிந்தது.

“இன்னா சாமி பண்றது? துணி பழசு. வெள்ளாவில வெச்சா வெள்ளையாவும். வயசு கொறையுமா?”

“உன் வெள்ளாவியும் வேண்டாம், நீயும் வேண்டாம். இனிமே இந்தப் பக்கம் வராதே!”

கொண்டய்யா காமாக்ஷியைப் பார்த்தான். காமாக்ஷி முற்றத்து வானத்தைப் பார்த்தாள்.

அன்று முதல் கிச்சா சாப்பாட்டை மறந்தார். மண் அடுப்பின் மேல் பானையை வைத்து, அதன் வாயில் துணியை அடுக்கி, கீழிருந்து ஆவி ஏற்றுவது கொண்டய்யா முறை. அதில் தணல் ஒரு பக்கம், ஆவி ஒரு பக்கம், புகை எல்லாப் பக்கமும். கிச்சாவின் முறை வேறு. செங்கல்லால் கட்டிய அடுப்பு. அடியில் இரும்புக் கிராதி. சாம்பல் தானே கீழே விழுந்துவிடும். தீ நேரே மேலே போகாமல், அண்டாவைப் பிரதட்சிணம் செய்துவிட்டு, அதற்குப் பிறகு புகைபோக்கி வழியாக வெளியேறும். துணி வேகும், கண் எரியாது.

“கண் எரியாதா?” என்றாள் காமாக்ஷி.

“எப்படி எரியும்? புகைதான் மேலே போயிடறதே! இதுதாண்டி சயன்ஸ்.”

“எனக்கென்ன தெரியும்?” என்றாள் அவள். அவள் எதையும் சொல்கிறவள் இல்லை. கேட்கிறவள்.

கொத்தனார் அப்துல் கய்யூம் வரவழைக்கப்பட்டார். கிணற்றடிக்குப் பக்கத்தில் கிச்சா தரையில் கரிக்கட்டியால் வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, காமாக்ஷி மோர் கொண்டுவந்து வைத்தாள். வட்டத்தைப் பார்த்தாள்.

“தரையோட தரையாவா இருக்கப் போறது?”

“ஆமாம். ஏன்?”

“ஒண்ணுமில்லே. துணியை எடுக்கறச்சே நீங்க குனியணுமேன்னு பார்த்தேன்.”

கிச்சாவின் முகம் வெளுத்தது. காதுக்குள் அந்தச் சத்தம் ஒரு முறை நீளமாக ஓடி நின்றது.

“கய்யூம்! அடுப்பு இடுப்பளவு உசரம்! நின்னுண்டே வேலை செய்யற மாதிரி!”

“நின்னுக்கினே அடுப்பெரிக்கிறதா? நா பாத்ததில்லியே வாத்தியாரய்யா.”

“இனிமே பார்ப்பே.”

மறுநாள் காமாக்ஷிக்கு இன்னொரு சந்தேகம் வந்தது.

“ஏன்னா, உங்க வேஷ்டியையும் என் அரக்குப் புடவையையும் ஒரே அண்டாவுலயா போடுவேள்?”

கிச்சா யோசித்தார். அரக்கு வேஷ்டியில் தன்னை வகுப்பில் கற்பனை செய்து பார்த்தார். “முட்டாளா நான்? ஒரு பெரிய வாய்க்குப் பதிலா மூணு சின்ன வாய். வெள்ளைக்கு ஒண்ணு, சாயத்துக்கு ஒண்ணு, துண்டு துணுக்குக்கு ஒண்ணு. ஒரே தீ மூணையும் சுத்தி வரும்!”

“மூணு அண்டாவுக்கு எங்கே போறது?”

“அதுக்கேத்த மாதிரி ஏதாவது பாத்திரம்…”

“ஆத்துல இருக்கறதையே அளவு வெச்சுக்கோங்களேன்” என்று உள்ளே போனவள், வெங்கலப் பானை ஒன்று, கற்சட்டி ஒன்று, ஈயச் சொம்பு ஒன்று என்று மூன்றையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். கிச்சா நூல் பிடித்து அளந்தார். கற்சட்டியில் துண்டு வேகுமா என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. வட்டத்தைக் கண்டால் விட்டத்தை மட்டும் பார்க்கிறவர் அவர்.

செங்கல் வந்து இறங்கிய அன்று வானம் ஒரு முறை உறுமியது.

“ஐப்பசி பொறக்கப் போறதே. மழையில தணல் அணைஞ்சுட்டா துணி பாதி வெந்தும் வேகாமலும்…” என்று காமாக்ஷி தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே அரிசி புடைத்தாள்.

அடுப்பு கிணற்றடியிலிருந்து பின்தாழ்வாரத்துக்கு நகர்ந்தது.

அப்துல் கய்யூம் தாழ்வாரத்தில் முதல் வரிசை செங்கல் வைத்து முடித்தார். காமாக்ஷி அதைச் சுற்றி ஒதுங்கி, ஓரமாகக் கொல்லைக்குப் போனாள். திரும்பி வரும்போதும் ஒதுங்கி வந்தாள்.

“என்ன, ஏதோ பாம்பைப் பார்த்த மாதிரி போறே?”

“கக்கூஸுக்குப் போற வழியாச்சே இது. போறவா வரவா வெளுத்த துணி மேல பட்டுட்டா? சரி, கொண்டய்யா வெளுத்தது மட்டும் மடியா என்ன? அதையும் நனைச்சுத்தான் உடுத்திண்டோம். இதையும் நனைச்சுண்டா போச்சு. உங்கப்பா சிராத்தம் வரது, அதுக்குத்தான் சொன்னேன்.”

அந்த வீட்டில் மடி, ஆசாரம் இவற்றின் சட்டதிட்டங்கள் முழுக்கக் கிச்சாவின் கையில் இருந்தன. பௌதிகம் கல்லூரியோடு சரி. வீட்டில் கொடியில் உலரும் மடித் துணியின் நிழல் மேல் காக்கை நிழல் பட்டால்கூட அவர் குரல் குளக்கரை வரை கேட்கும். இப்போது அவர் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வெளியே வெளுத்தால் மடி கிடையாது. வீட்டிலேயே, மடியான இடத்திலேயே வெளுத்தால்? அடுப்பிலிருந்து எடுக்கும்போதே மடி! நனைக்க வேண்டாம், உலர்த்திக் காவல் காக்க வேண்டாம். எந்த சயன்ஸும் எந்த சாஸ்திரமும் இதுவரை சேர்ந்து செய்யாத காரியம்!

“காமு! இந்தாத்துல ரொம்ப மடியான இடம் எது?”

“சமையலுள்தான்” என்றாள் காமாக்ஷி. அரிசியில் ஒரு கல்லைக் கண்டெடுத்துத் தூர எறிந்தாள். “ஆனா அங்கே இடம் ஏது? பழைய அடுப்பை இடிச்சாத்தான் உண்டு. உங்கம்மா சமைச்ச அடுப்பு. வேண்டாம்.”

“இடிக்கறேன்! எங்கம்மா இருந்தா அவளே இடிச்சிருப்பா!”

“அப்புறம் நான் எதுல சமைக்கிறது?”

“அது ஒரு பெரிய விஷயமா? பக்கத்துல ஒரு குமுட்டி அடுப்பு வெச்சுக்கோ.”

“உங்க இஷ்டம்” என்றாள், மனசே இல்லாதவள் போல.

அப்துல் கய்யூம் கரண்டியைக் கீழே வைத்தார். “மொதல்ல கெணத்தாண்ட இன்னீங்க. அப்பால தாவாரம் இன்னீங்க. இப்போ சமையக்கட்டு. வாத்தியாரய்யா, அடுப்பு கட்றோமா, இல்ல ரயில் வண்டி வுடறோமா?”

“நீ கட்டு. உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரிஞ்சிக்கினுதான் கீது” என்றார் அவர், காமாக்ஷி இருந்த பக்கம் பார்க்காமல்.

விஜயதசமியன்று அடுப்பு தயார். கழுவிக் கோலமிட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கிச்சாவே தீ மூட்டினார். புகை தயங்கியது. பிறகு, வெகு நாளாக வழி கேட்டுக்கொண்டிருந்த ஒன்று வழி தெரிந்து போவதுபோல, சரேலென்று மேலே ஏறியது. கிச்சா கொல்லைக்கு ஓடினார். ஓட்டுக்கு மேலே நீலமாக, நேராக, அவருடைய புகை போய்க்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு நீரஜாகூட மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள். கிச்சா அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஒரு வார அழுக்கு வேஷ்டிகளை மார்போடு அணைத்து மூட்டையாகத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார்.

வாசற்படியில் காமாக்ஷி நின்றாள். குறுக்கே கை.

“என்னது அது?”

“துணிடி. நகரு.”

“அழுக்கா?”

“பின்னே, வெளுத்ததையா வெளுப்பா?”

“மடியில்லாத விழுப்புத் துணியைச் சமையலுள்ளுக்கா கொண்டு வரேள்?”

கிச்சா வாயைத் திறந்தார்.

“மடியா வெளுக்கணும்னுதானேடி உள்ளே கட்டினது!”

“வெளுத்தப்புறம் மடி. வெளுக்கறதுக்கு முன்னாடி?”

“முன்னாடி…”

“டிராம்ல உட்கார்ந்த வேஷ்டி. சுவாமிக்கு நைவேத்தியம் பண்ற இடம் இது. போன மாசம் உங்க அத்தை பிள்ளை குளிக்காம இந்தப் படியைத் தாண்டிட்டான்னு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தேளே. யாராவது பார்த்தா உங்களைத்தான்னா சொல்லுவா.”

பௌதிகத்தில் இதற்கு விதி இல்லை. சாஸ்திரத்தில் இருந்தது, அது காமாக்ஷியின் கட்சியில் இருந்தது. மூட்டை கிச்சாவின் கையில் கனத்தது.

“அப்போ… கட்டின அடுப்பை என்ன பண்றது?”

“எரிஞ்சுண்டிருக்கே, வீணாப் போவானேன்?” என்று அவள் வெங்கலப் பானையைத் தூக்கி முதல் வாயில் வைத்தாள். அங்கேயே வார்த்ததுபோல உட்கார்ந்தது. கற்சட்டியை வைத்தாள். அதுவும் உட்கார்ந்தது. மூன்றாவதில் ஈயச் சொம்பு ரசத்துக்கு. “அளவு எத்தனை கச்சிதம் பாருங்கோ. உங்க கணக்கு தப்புமா?”

கிச்சா பார்த்தார். இடுப்பளவு உயரம் சொன்னது அவர். மூன்று வாய் வைத்தது அவர். தாழ்வாரத்துக்கு நகர்த்தியது அவர். சமையலறைக்குக் கொண்டுவந்தது அவர். அம்மாவின் அடுப்பை இடித்ததும் அவர். ஒவ்வொரு தீர்மானமும் அவருடையது. அதுதான் பொறுக்கவில்லை. குற்றம் சாட்ட ஓர் ஆள் வேண்டும் என்று நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். நின்றபடி சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். கண்கள் உலர்ந்து, கறுப்பாக, பெரிதாக இருந்தன. அந்த வேளையில் அந்தக் கண்களை அப்படிப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

“காமு மாமி!” என்று மதிலுக்கு அப்பாலிருந்து நீரஜாவின் குரல். “எனக்கும் இது மாதிரி ஓர் அடுப்பு வேணும். எங்காத்துக்காரர் வேஷ்டி எல்லாம் இன்னும் புதுசாவே இருக்கே, என்ன பண்ணட்டும்?”

கிச்சா மூட்டையோடு கொல்லைப்பக்கம் போனார். எங்கேயாவது தேடி, எப்படியாவது கெஞ்சிக் கொண்டய்யாவைத் திரும்பக் கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தபடியே கதவைத் திறந்தார். கொண்டய்யா கொல்லை வாசலில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் கழுதை.

“நீ எப்படிடா இங்கே?”

“அம்மா வரச் சொன்னாங்க சாமி.”

“எப்போ?”

“நீங்க வராதேன்னு சொன்னீங்களே, அன்னிக்கே. விஜயதசமிக்கு வா, மூட்டை இருக்கும்னாங்க.”

கிச்சா மூட்டையைக் கொடுத்தார்.

காமாக்ஷி எண்பத்தோரு வயது வரை இருந்தாள். ஊசியில் நூல் கோக்க அவள் கடைசி வரை யாரையும் கூப்பிட்டதில்லை.