நொடி முள்ளைப் பார்த்தவர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் என் பல்செட் டம்ளரிலிருந்து எழுந்து வந்து என்னையே கடிக்கட்டும்.

கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் கார் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் காருக்கு இரண்டு காயம். முதல் தடவை, நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரி தானாக நகர்ந்து வந்து மோதியதாம். இரண்டாவது தடவை, குப்பைத்தொட்டி குறுக்கே ஓடியதாம். அவர் மனைவி டீச்சர். இந்த மாதிரிக் கதைகளை வகுப்பில் தினமும் நாற்பது கேட்கிறவர். மூன்றாவது கீறல் விழுந்தால் சாவி தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரே ஒரு சட்டம் போட்டார்.

கடிகாரக்காரருக்கு அந்தச் சாவிதான் உயிர். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தே கிடக்கிற மனுஷன் ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தன் வீட்டு வாசல் தூணிலேயே இடித்துவிட்டார். கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பள்ளம். சட்டென்று ரிவர்ஸ் எடுத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தார். கடை வாசலில் காரில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பச்சை வேன் இடித்துவிட்டு நிற்காமல் பறந்துவிட்டது என்று அறிவித்தார்.

டீச்சர் திட்டவில்லை. நேராக இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போன் போட்டார். போலீஸ் காகிதம் இல்லாமல் பேச்சே கிடையாது என்றார்கள்.

"கிளம்புங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"விட்டுரலாம்மா. பாவம், அவனும் பிள்ளைகுட்டிக்காரனா இருப்பான்."

"பிள்ளைகுட்டி வேனுக்குள்ளயா இருந்துச்சு? அப்போ அதையும் எழுதிக் கொடுத்திரலாம்."

ஸ்டேஷனில் ஏட்டு பேனாவைத் திறந்தார். இல்லாத வேனுக்கு நம்மாள் உயிர் கொடுக்க ஆரம்பித்தார். நேரம் நாலு பதினேழு, இருபத்திரண்டு நொடி. டிரைவருக்கு மீசை உண்டு, இடது பக்கம் கொஞ்சம் கம்மி. அதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில்புத்தி விடுமா? டிரைவர் கையில் கட்டியிருந்த வாட்ச் ஏழு நிமிஷம் ஃபாஸ்ட் என்றும் சொல்லி வைத்தார். ஏட்டு அசந்துபோய் எழுதிக்கொண்டே போனார்.

"வண்டி நம்பர்?"

அதை மட்டும் அவர் தயாரிக்கவில்லை. வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னால், நாளைக்கு அந்த நம்பர்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

டீச்சர்தான் மெதுவாகக் கேட்டார். "ஏங்க, அவன் வாட்ச்ல நொடி முள்ளே தெரிஞ்சிருக்கு. பின்னால அத்தாம் பெரிய நம்பர் தெரியலையா?"

"கிட்டத்துல இருந்தா எறும்போட மூக்கே தெரியும்மா. தூரம் போயிட்டா எல்லாம் மங்கல். பூதக்கண்ணாடித் தொழில் அப்படி."

"ஐயோ பாவம். எத்தனை அடிக்கு மேல மங்கல்?"

"பத்தடி," என்றார் அவர், எதற்கும் இருக்கட்டும் என்று குறைத்தே.

"ஏட்டய்யா, அதைத் தனிக் காகிதத்துல எழுதிக்குங்க. கையெழுத்துப் போடுவார்."

போட்டார். தப்பித்த சந்தோஷத்தில் அடியில் இரண்டு கோடுகூட இழுத்தார்.

ஏட்டு அதைப் படித்தார். அவரையே பார்த்தார். "பத்தடிக்கு மேல கண்ணு தெரியாமலா இத்தனை நாளா ரோட்டுல வண்டி ஓட்டினீங்க?" லைசென்ஸ் மேஜை டிராயருக்குள் போனது. கண் டாக்டர் சர்ட்டிபிகேட் வந்தால்தான் திரும்புமாம்.

டீச்சர் எழுந்து, நம்பர் இல்லாத வேனைத் தேடி நீங்கள் ஏன் அலைய வேண்டும், பள்ளத்தை நாங்களே சரிபண்ணிக்கொள்கிறோம் என்றார். ஏட்டு சந்தோஷமாகப் புகாரைக் கிழித்தார். கண் காகிதத்தை மட்டும் பத்திரமாக ஃபைலில் வைத்தார்.

கண் டாக்டரிடம் போனால் பார்வை பிரமாதம் என்று சொல்லிவிடுவார், பொய் வெளியே வந்துவிடும். போகாவிட்டால் லைசென்ஸ் இல்லை. கடிகாரக்காரர் இதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மனைவி கையை நீட்டினார். சாவி கைமாறியது.

டீச்சர் ஓட்டினார். வாசல் தூணை ஒரு சாண் இடைவெளியில் அலுங்காமல் தாண்டி நிறுத்தினார்.

"எல்லாம் அந்தப் பச்சை வேனால வந்தது," என்று முனகினார் கணவர்.

"நீங்க தூணை இடிச்சப்போ நான் மாடியில துணி உலர்த்திக்கிட்டிருந்தேன்," என்றார் டீச்சர். "எனக்குத் தூரத்துல இருக்கிறது நல்லாவே தெரியும்."

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தக் காரின் பின்சீட்டில் எனக்கு ஒரு இடம் உண்டு. இப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டு போய் வருகிறேன்.