கொள்கைக்காக டீசரைத் திட்டியவர்

மனைவி "நல்லா இருக்கு" என்று சொன்னதும் கண்ணாடிக்காரர் கலங்கிப்போனார்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அன்று காலை வெளியான டீசரை, சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் செம்பு மேல் போனைச் சாய்த்து வைத்து அவளுக்குக் காட்டியிருந்தார். மொத்தம் ஒண்ணேகால் நிமிஷம். வெளியே மழை. உள்ளே ஓர் ஆள் ஒரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே இருக்கிறான். வசனம் கிடையாது. கடைசியில் ஜன்னலைப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

"என்னது, நல்லா இருக்கா?"

"நல்லாதாங்க இருக்கு."

"நல்லாப் பாரும்மா. அந்த டைரக்டர் படம் இது."

"தெரியுதே. தட்டை எடுங்க, மேஜையைத் துடைக்கணும்."

பெண்டாட்டிக்கு டீசர் பிடித்தால் கொண்டாட வேண்டியதுதானே, இதில் கலங்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். விஷயம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பார்த்த முதல் படம் இந்த டைரக்டருடையது. அவர் காவியம் என்றார். அவள் கண்றாவி என்றாள். சண்டை சுவாரஸ்யத்தில் வந்த பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு வீடு வரை நடந்தே வந்தார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற வேலை அவளுக்கு. வாதத்திலும் சரியான இடம் பார்த்துத்தான் குத்துவாள். நாளெல்லாம் பிறர் கண்களையே பார்க்கிற மனிதர், அன்றைக்கு அவள் கண்ணில் கண்ட பளபளப்பை வேறெங்கும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அந்த டைரக்டரின் ஒவ்வொரு படத்துக்கும் வீட்டில் ஒரு வாரம் திருவிழா. பிறகு அந்தப் புண்ணியவான் ஆறு வருஷம் படமே எடுக்காமல் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் பேச்சும் வற்றிப்போனது. "கேஸ் தீர்ந்துடுச்சு." "மோட்டார் போட்டீங்களா?" "கதவைப் பூட்டியாச்சா?" ஆறு வருஷமாக இதுதான் தாம்பத்திய சம்பாஷணை. அந்தச் சண்டைக்காக ஏங்கிப்போயிருந்தார் மனிதர். அவளுக்கு அவர் மேல் கோபம்கூட வராதது அவரை உள்ளுக்குள் அரித்தது.

வெளியிலோ ஊரே ரெண்டுபட்டுக் கிடந்தது. டீசருக்குக் கீழே ஒருவர் "உலகத் தரம், கண் கலங்கிட்டேன்" என்று எழுதியிருந்தார். அதற்கடியில் இன்னொருவர், "அந்தச் சட்டையோட சேர்த்து என்னையும் பொசுக்கிட்டாங்க" என்றிருந்தார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஒரு கண்ணை மூடி எழுத்துப் பலகையைப் படித்தபடியே பக்கத்து நாற்காலிக்காரரோடு டைரக்டருக்காகச் சண்டை போட்டார். அவருக்குச் சரியான பவர் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. வீட்டில் மட்டும் இப்படி ஒரு சமாதானமா?

கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். அவள் இந்தக் கட்சிக்கு வந்துவிட்டால், நாம் அந்தக் கட்சிக்குத் தாவ வேண்டியதுதான்.

"யோசிச்சுப் பார்த்தேன். இதெல்லாம் ஒரு டீசரா?" என்று மறுநாள் ஆரம்பித்தார்.

"அப்படியா?"

"ஊரை ஏமாத்துற வேலை. இஸ்திரி போடுறதைப் பார்க்கணும்னா சலவைக் கடைக்குப் போகமாட்டோமா?"

"ஓஹோ."

சொல்லச் சொல்ல நெஞ்சு வலித்தது. மனசுக்குள் டைரக்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, மூன்று நாள் விடாமல் திட்டினார். பல் தேய்க்கும்போது திட்டினார். துணி காயப்போடும்போது, கீழ்வீட்டுக் கணக்கு டீச்சருக்கும் கேட்கட்டும் என்று பால்கனியிலிருந்து திட்டினார். மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் முகத்தை மட்டும் அவ்வப்போது உற்றுப் பார்த்தாள்.

நாலாம் நாள் வேகம் தாங்காமல் ஒரு வார்த்தை கூடுதலாக விட்டுவிட்டார்.

"அந்த ஆள் படத்தை இனிமே நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். இது என் கொள்கை!"

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"நல்லதாப் போச்சு. முதல் நாள் மதியக் காட்சிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன். உங்களோடதை டீச்சருக்குக் குடுத்துடறேன்."

ரெண்டு டிக்கெட். ஆறு வருஷத்துக்குப் பிறகு, அவளாகவே, பக்கத்துப் பக்கத்து ஸீட்.

"இல்லம்மா… டீசரை மட்டும் வச்சு ஒரு மனுஷனை எடை போடக் கூடாதுதான்."

"சேச்சே! எனக்காக நீங்க கொள்கையை விடக் கூடாதுங்க."

"கொள்கைன்னா அவ்வளவு பெரிய கொள்கை எல்லாம் இல்ல…"

அவள் சிரித்தாள். "ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடியே 'ஐயோ அம்மா'ன்னு கத்துறவங்களை தினமும் பார்க்கிறேன். எது நிஜ வலி, எது பொய் வலின்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணு எனக்கும் பிடிச்சுதேன்னு ஆசையா டிக்கெட் எடுத்தேன். நீங்க வேஷம் கட்டுனீங்க. இப்ப வேஷத்தோடயே வீட்டுல இருங்க."

படம் வந்த அன்று மதியம் அவருக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. படிக்கிற கண்ணாடி கேட்ட ஒருவருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டு, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். பொழுது சாயும் நேரம் படிக்கட்டில் சத்தம் கேட்டது.

"கதைன்னு ஒண்ணு வேணாமா?" என்றது டீச்சர் குரல்.

"அவன் இஸ்திரி போடறது அவன் சட்டையே இல்லீங்க! திரும்பி வராத ஒருத்தரோடது! அதுக்கு மேல என்ன கதை வேணும் உங்களுக்கு?"

அவள்தான். அந்தக் குரல். ஆறு வருஷத்துக்குப் பிறகு அதே குரல். கண்ணாடிக்காரர் கதவில் காதை வைத்துக் கேட்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று சண்டை மேலே வந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்தார்.

முகம் சிவந்து, கண் பளபளக்க நின்றுகொண்டிருந்தாள். பின்னால் டீச்சர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நீ சொல்றதுதாம்மா சரி! அந்தச் சட்டை இருக்கே…"

"நீங்க படம் பார்த்தீங்களா?"

"இல்ல, ஆனா…"

"பார்க்காதவங்க குறுக்க பேசக் கூடாது. இந்தப் பையைப் பிடிங்க."

பையை அவர் கையில் திணித்துவிட்டு, மீதிச் சண்டையைப் போட டீச்சர் வீட்டுக்கு இறங்கிப் போனாள்.