மூன்று சதவீதம் மிச்சம் இருந்தது

திருக்காட்டுப்பள்ளி,
புரட்டாசி 11.

அன்புள்ள தம்பி அரசப்பனுக்கு அண்ணன் வேம்பையன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். நலமாக இல்லாததால் எழுதவில்லை. அங்கே நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒன்பது வருஷம் கழித்து இவனுக்கு நம் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் கிழித்துப் போடுவதாக இருந்தால் இந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிட்டுக் கிழி: அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், உன்னைக் கேட்கிறாள்.

ஆடி மாதம் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. தஞ்சாவூரில் பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு, இந்த வயதுக்கு ஆபரேஷன் தாங்காது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க வேண்டாதவர்கள் எல்லாரும் வந்து பார்த்து, ஆளுக்கொரு பிரெட் பாக்கெட் வைத்துவிட்டுப் போனார்கள். வாசற்கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா "சின்னவனா?" என்று கேட்டாள். உன் பழைய நம்பரில் யாரோ ஒருவர் எடுத்து இந்தியில் திட்டினார். அப்போதுதான் நம் பரிதியின் மனைவி, என் மருமகள் ஜெயபாரதி ஒரு யோசனை சொன்னாள். பரிதி சிங்கப்பூரில் இருக்கிறான், அவள் நம் வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். போனில் சுற்றுகிற படம் நிஜமா பொய்யா, எந்த ஊரில் எடுத்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. அதற்கெல்லாம் இலவச மென்பொருள் இருக்கிறது மாமா, யார் வீட்டுப் பூட்டையும் உடைக்க வேண்டாம், ஜனங்கள் தாங்களாகவே இணையத்தில் போட்டுவைத்ததைத் தேடிச் சேர்த்துக் கொடுக்கும், பரிதியுடைய பழைய லேப்டாப்பில் நீங்கள் இன்ஸ்டால் செய்து வையுங்கள், சின்ன மாமாவை நான் தேடித் தருகிறேன் என்றாள். முப்பத்திரண்டு வருஷம் வாய்க்கால் மதகைத் திறந்து மூடிய லஸ்கரிடம் சொல்கிற வேலையா இது?

இருந்தாலும் உட்கார்ந்தேன். முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் வைக்க வேண்டுமாம். வெளிக் கம்ப்யூட்டருக்கு ஏதாவது வந்தால் உள் கம்ப்யூட்டருக்கு ஆகாது, உள்ளதற்கு வந்தால் வெளிக்கு ஆகாது. அதை வைத்தால் கறுப்புத் திரை ஒன்று வந்து கடவுச்சொல் கேட்டது. நான் அடிக்கிறேன், ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்துக் கவிழ்த்துத் தட்டினேன், உள்ளேயிருந்து பரிதி காலத்து முறுக்குத் துண்டு விழுந்தது. அரை நாள் கழித்து ஜெயபாரதி வந்து, கடவுச்சொல் அடித்தால் தெரியாதுங்க மாமா, அதுதான் பாதுகாப்பு என்றாள். அதற்குள் நான் அதே கடவுச்சொல்லை எத்தனை தடவை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம் டவுன்லோடு. ஊருக்கு வருகிற இணையம் கடைமடைக்கு வருகிற தண்ணீர் மாதிரிதான், வந்தால் வந்தது. கை சும்மா இருக்காமல் ஒரு நோட்டுப் போட்டு, மதகில் மட்டம் குறித்தது போலவே காலை ஆறுக்கு இவ்வளவு, பகல் பன்னிரண்டுக்கு இவ்வளவு, மாலை ஆறுக்கு இவ்வளவு என்று சதவீதத்தைக் குறித்து வந்தேன். மூன்றாம் நாள் மாலை தொண்ணூற்றேழு. ஆனால் ஆறு மணிக்கு மேல் ஜெயபாரதிக்கு ஆபீஸ் மீட்டிங், இணையம் அவள் முறை. முறை மாறியதும் இந்தப் பக்கம் மூடி அந்தப் பக்கம் திறப்பதுதானே நமக்குத் தெரிந்த தொழில், லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுநாள் திறந்தால் திரும்ப பூஜ்ஜியத்திலிருந்து வருகிறது. ஜெயபாரதி கோபப்படவில்லை. "இன்னும் மூணு பர்சன்ட்தானே மாமா இருந்துச்சு, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்றாள்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அந்த வறட்சி வருஷம் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்று, இன்னும் ரெண்டு மா நிலம்தான் பாயணும் அண்ணே, கொஞ்சம் பொறுங்க என்று நீ சொன்னாய். முறை முடிந்தது என்று நான் ஷட்டரை இறக்கிவிட்டேன். மதகு நோட்டில் பன்னிரண்டு மணி என்றும் எழுதினேன். அந்தத் தண்ணீர் கிடைக்காமல் பயிர் கருகியது, நீ ஊரை விட்டே போனாய். சட்டப்படி நான் செய்தது சரி என்றுதான் இத்தனை வருஷமாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன் என்று உன் அண்ணி ஈஸ்வரி சொல்கிறாள்.

சரி, இரண்டாம் தடவை முழுசாக இறங்கியது. முதல் மென்பொருளில் உன் பெயரைக் கொடுத்தோம். அது நானூறு இணையதளங்களில் தேடி, நீ பதினேழில் இருப்பதாகச் சொன்னது. ஒன்றில் நீ மலேசியாவில் கால்பந்து ஆடுகிறாய். இன்னொன்றில் பெண்ணாக இருந்து கேக் சுடுகிறாய். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அடுத்ததற்கு உன் படம் வேண்டும் என்றது. இருப்பது கூடத்தில் மாட்டியிருக்கிற ஒரே படம். அதை நான் என் போனில் படம் எடுத்துக் கொடுத்தேன். படத்துக்குள் எடுத்த இடம் ஒளிந்திருக்குமாம், அதை இந்த மென்பொருள் படித்துச் சொல்லுமாம். படித்தது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தது. பெரிதாக்கினால் நம் தெரு, நம் கூரை. ஒரு வாரம் பாடுபட்டு, நீ நம் வீட்டுக் கூடத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்தோம். நானும் ஜெயபாரதியும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டோம். சத்தம் கேட்டு அம்மா என்ன என்று கேட்டாள். சின்ன மாமா வீட்டில்தான் இருக்காருன்னு மெஷின் சொல்லுது பாட்டி என்று இவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவனுக்கும் ஒரு தட்டு வைங்க, வர்ற நேரம்தான்" என்றாள். ஈஸ்வரி வைத்தாள். அந்தச் சோற்றை யாரும் எடுக்கவில்லை தம்பி. அதற்கப்புறம் எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் போன வெள்ளிக்கிழமை கிடைத்தாய். நாகூரில் அப்துல் மஜீது மரவாடிக்கு யாரோ வாடிக்கையாளர் இணைய வரைபடத்தில் நான்கு நட்சத்திரம் கொடுத்து ஒரு படமும் போட்டிருக்கிறார். தேக்குப் பலகைகளுக்குப் பின்னால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடது கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள். நம் அப்பா நிற்பது அப்படித்தான், வேறு யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். அறிவியல் எவ்வளவு முன்னேறிவிட்டது பார்.

ஆகையால் கடிதம் கண்டதும் புறப்பட்டு வரவும். உன் வயலிலும் சம்பா நட்டாகிவிட்டது, தண்ணீர் தாராளமாகப் பாய்கிறது. உனக்கும் உன்னைச் சேர்ந்தவர்களுக்கும், யார் யார் என்று தெரியாவிட்டாலும், எங்கள் எல்லாருடைய ஆசியும் அன்பும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
வீ. வேம்பையன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் உன்னை மெஷின் கண்டுபிடித்தது என்பது பொய். நான்கு வருஷத்துக்கு முன்பே, இங்கே தேக்கு வாங்க வந்த உங்கள் மரவாடி பக்கீர் முகம்மது, உங்க தம்பி எங்ககிட்டதானே இருக்காரு என்று சொல்லிவிட்டார். நாகூருக்கு இரண்டு தடவை வந்தேன். எதிர் டீக்கடையில் நின்றேன். இரண்டாம் தடவை நீயே அங்கே டீ குடிக்க வந்தாய், நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். நாகூர் மரவாடிகளையும் பாரும்மா என்று ஜெயபாரதிக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேடத் தொடங்கினாள். தொண்ணூற்றேழில் மூடினேனே, அப்போது மணி ஆறு ஆகவில்லை, ஐந்தரை. நீ கிடைத்துவிட்டால் வருவாய், வந்தால் அந்த மதகு விஷயத்தை அம்மாவிடம் சொல்வாய் என்று பயம். அன்றைக்கு ஷட்டரை இறக்கியபோதும் பன்னிரண்டு ஆகவில்லை தம்பி. பதினொன்றரை. அன்று காலையில் நம் ஊர் டீக்கடையில் நாலு பேர் முன்னால் என்னை நீ வெறும் மதகுக் காவல்காரன் என்று சொன்ன ஆத்திரம். நோட்டில் பொய் மணி எழுதினேன்.

நேற்று இதை அம்மாவிடம் நானே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "தெரியும்டா. பன்னெண்டு மணி மில்லு சங்கு ஊதறதுக்கு முன்னாடியே நீ சோத்துக்கு வந்துட்ட அன்னிக்கு" என்றாள். அப்புறம், அவன் இருக்கிற இடம் உனக்குத் தெரியுமா தெரியாதா என்றாள். தெரியும் என்றேன். "அப்ப ஏன்டா இன்னும் உக்காந்திருக்க?"

ஆகையால் இதைத் தபாலில் போடவில்லை. காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவந்து பக்கீர் முகம்மதிடம் கொடுத்திருக்கிறேன். படித்து முடித்ததும் நிமிர்ந்து எதிர் டீக்கடையைப் பார். கையில் பேப்பர் இருக்காது.