கேட்கக் கூடாத கடன்

"மாமா, எங்கப்பா குடுத்த முந்நூறு ரூபாய எப்ப தரப் போறீங்க?"

கேட்டே விட்டாள் அஞ்சலாட்சி. சாமிக்கண்ணு வண்டிமாடுகளுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் இருந்த கை அப்படியே நின்றுபோனது. மாடுகள் மட்டும் எதையும் காதில் வாங்காமல் உறிஞ்சிக்கொண்டிருந்தன.

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது வீட்டு உத்தரவு. சாமிக்கண்ணுவிடம் மழையைப் பற்றிப் பேசு, மாட்டைப் பற்றிப் பேசு, அந்தப் பணத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று அப்பா கன்னியப்பன் பல தடவை சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் அவர் கூரையைப் பார்ப்பார், அம்மா தனக்கொடி அடுப்பைப் பார்ப்பாள். சிநேகிதம் பெரிது, மகள் படிப்பு சின்னது, அவ்வளவுதானே என்று அஞ்சலாட்சி வயிறு எரிந்தாள்.

சின்னப் படிப்பா அது? அவள் வம்சத்தில் அதுவரை கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவரும் பாதிப் பெயரோடு களைத்துப்போய்விடுவார். சிதம்பரத்தில் தங்கிப் படித்து பி.ஏ. வாங்கிய முதல் ஆள் இவள். சென்னையில் ஆசிரியர் பயிற்சிக்கு, பி.டி. படிக்கவும் இடம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். பணமோ கருவடிக்குப்பத்தில் ஒரு ஜோடி மாடாக நின்று தவிடு குடித்துக்கொண்டிருந்தது.

சாமிக்கண்ணு மெதுவாகக் கையைத் துடைத்தார். "நீயா கேக்கற?"

"நான்தான் கேக்கறேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாரா?"

கோபப்படுவார், பதிலுக்கு நாலு கேட்கலாம் என்று தயாராகத்தான் வந்திருந்தாள். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, வெட்கம் மாதிரி ஏதோ ஒன்று. மனைவி கொளஞ்சியைக் கூப்பிட்டுக் காதில் சொன்னார். கொளஞ்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கடன்பட்ட வீட்டில் இத்தனை சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையில் இப்போது இல்லையே என்று இழுத்தார் சாமிக்கண்ணு. பிராஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறியதிலிருந்தே காசு தங்கமாட்டேன் என்கிறதாம். வைத்திக்குப்பத்து மீன் வியாபாரி கண்ணையன் வேறு வண்டி வாடகை பாக்கி வைத்திருக்கிறானாம். அது வந்தால் பார்க்கலாமாம்.

"நீங்க பார்க்க வேணாம். நானே போய் வாங்கியாறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

வைத்திக்குப்பத்து மணலில், ஏலக் கும்பலுக்கு நடுவில் நின்று அவள் போட்ட சத்தத்தில் ஏலம் போடுகிறவனே வாயை மூடிக்கொண்டான். கண்ணையன் மடியில் இருந்த பணத்தை எல்லாம் உதறிக் கொடுத்தான். குறைந்ததற்கு ஒரு கூடை வஞ்சிரத்தைத் தலையில் ஏற்றி விட்டான். மீன் தண்ணீர் முதுகில் வழிய வழிய, பி.ஏ. பட்டதாரி கருவடிக்குப்பத்துத் தெருவில் நடந்து வந்தாள்.

எதிர்வீட்டு ராஜாம்பாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். சாமிக்கண்ணு வீட்டுக்குள் ஒரு பெண் மீன் கூடையோடு நுழைந்தால் தெரு என்ன நினைக்குமோ அதையே நினைத்தாள். நினைத்ததைச் சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்குச் சொல்லியும் விட்டாள்.

மீனை என்ன செய்வது? கொளஞ்சி குழம்பு வைத்தாள். கடன்காரர் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அஞ்சலாட்சி உறுதியாக இருந்தாள், குழம்பு கொதிக்கும் வரைக்கும். அவள் இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது மில் வேலை முடிந்து அந்த வீட்டுப் பிள்ளை வடிவேல் வந்தான். தன் மணையில் அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, அப்படியே கிணற்றடிக்குப் போய்விட்டான். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசி அவனை யாரும் கேட்டதில்லை.

வாடகைப் பணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தந்தால் முழுசாகத்தான் தருவோம், மீதிக்கு இப்போது வழி இல்லை என்றார்கள். மறுநாள் விடிந்ததும் வந்து, வாசலில் கிடந்த உரலைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். முழுப் பணமும் வைக்கும் வரை எழுந்திருக்கமாட்டாளாம். சும்மா உட்காரவும் அவளால் முடியவில்லை. வைக்கோல்காரன் கட்டுக்குள் ஈர வைக்கோலைச் செருகியிருந்ததைக் கண்டுபிடித்து அவனை ஓட ஓட விரட்டினாள். பக்கத்து வீட்டோடு வருஷக்கணக்கில் ஓடிய சாக்கடைச் சண்டையை ஒரு முற்பகலில் தீர்த்துவைத்தாள். கொளஞ்சி அவளை, புதிதாக வாங்கிய வெண்கலப் பானையைப் பார்ப்பது போலத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தலைக்கு ஒரு முழம் பூவும் கொண்டுவந்தாள்.

"அத்த, நான் பணத்துக்கு வந்திருக்கேன்."

"தெரியும்மா. பூவ வெச்சிக்கிட்டு ஒக்காரு."

இனி சாட்சியைத்தான் கூப்பிட வேண்டும் என்று மூன்றாம் நாள் கயிற்றுக்கடை அக்பர் அலியிடம் போனாள். பணம் கைமாறியபோது கூட இருந்தவர் அவர் ஒருவர்தான். அவள் சொன்னதைக் கேட்டு, அளந்துகொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

"நீயே போய்க் கேட்டியாம்மா? உன் வாயால?"

"ஆமா பாய். இன்னும் குடுக்கல."

"கேட்ட பெறகு குடுக்காம இருந்தா தப்பாச்சே. வெள்ளிக்கிழம காலையில வா. நான் வந்து நின்னு குடுக்கச் சொல்றேன்."

புதுச்சேரியில் நியாயம் தெரிந்தவர் ஒருத்தராவது இருக்கிறாரே என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை போனால் வாசல் நிறையக் கோலம். உள்ளே தெருப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கடனைத் திருப்புகிற கேவலத்தை வேடிக்கை பார்க்க இத்தனை கூட்டமா என்று சாமிக்கண்ணுவுக்காகக்கூட ஒரு நிமிஷம் இரக்கப்பட்டாள். அவரோ மீதியை ஏலச்சீட்டில் தள்ளி எடுத்து, முழு முந்நூறையும் தாம்பாளத்தில் வைத்திருந்தார். சுற்றிலும் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், தேங்காய். கடனை இவ்வளவு மரியாதையாகத் தருகிற மனுஷரை ஏசிவிட்டோமே என்றுகூடத் தோன்றியது. கிழக்கே பார்த்து நில் என்றாள் கொளஞ்சி. எந்தத் திசையில் நின்றால் என்ன, பணம் வந்தால் சரி என்று நின்றாள். இரண்டு கையாலும் வாங்கு என்றாள். வாங்கினாள்.

பெண்கள் குலவை போட்டார்கள்.

"கடன் அடச்சதுக்கெல்லாமா கொலவ போடுவாங்க?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

குலவை பாதியில் நின்றது. எல்லாரும் அக்பர் அலியைப் பார்த்தார்கள்.

"கடனா?" என்றார் அவர். "வடிவேலுக்கு உன்னப் பரிசம் போட சாமிக்கண்ணுகிட்ட காசு ஏதும்மா? உங்கப்பன்தான் குடுத்து வெச்சான். 'இப்பக்கி மாடு வாங்கிக்க, எம் பொண்ணு படிப்ப முடிச்சதும் நாங்க கேக்கறோம், அன்னிக்கு இதையே பரிசமாப் போடு'ன்னான். அவனக் கூட்டியார ஆள் போயிருக்கு. பொண்ணே வந்து ஒக்காந்து கேக்கும்னு நாங்க யாரு கண்டோம்?"

அஞ்சலாட்சி தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். பணத்தை மட்டும் எடுத்து இடுப்பில் செருகினாள்.

"இது எங்கப்பா காசு. தேங்கா பழம் உங்களுது, அத நீங்களே வெச்சிக்குங்க."

"பரிசத்த எடுத்துக்கிட்டு மாப்பிள்ள வேணாங்கறியே தாயி, இது அடுக்குமா?" என்றார் சாமிக்கண்ணு.

"வேணுமா வேணாமான்னு யாராவது என்னக் கேட்டீங்களா மாமா? இந்த மூணு நாளா நான்தான் ஒவ்வொருத்தரயாக் கேட்டுட்டிருந்தேன்."

அவள் வாசல்படி தாண்டினாள். கதவோரம் புது வேட்டியில் வியர்த்து நின்ற வடிவேல், வெகுநேரம் மூச்சை அடக்கியவன் போல வாய் திறந்தான்.

"மெட்ராஸ் பஸ்ஸு பத்து மணிக்கு. என்னையும்தான் யாரும் கேக்கல. நீங்க வெரசாப் போங்க."

அவள் ஏற்கெனவே தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தாள்.