சுருக்கிய குரல்

"மோளே, நோயாளி பேரெல்லாம் கட்டம் கட்டமா வருது. யாருக்கு ஊசி போட, கட்டத்துக்கா?"

தம்பானூரிலிருந்து ஜெபமலர் மலையாளம் கலந்த தமிழில் போனில் கத்தினாள். படுக்கையோடு கிடப்பவர்களின் வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் மையத்தில் அவள் பொறுப்பாளர். மையத்தின் செயலி சில மாதமாக ஊர்ந்துகொண்டிருந்தது. காலையில்தான் விஷ்ணுப்ரியா அதற்கு ஒரு வைத்தியம் பார்த்திருந்தாள். தகவலைச் சுருக்கி மேலே அனுப்பும்படி, அதைச் சேமித்து வைக்கும் கீழடுக்குக்குச் சொன்னவள், அதை வாங்கி விரிக்கும்படி இடையில் நிற்கும் நடு சர்வருக்குச் சொல்ல மறந்துவிட்டாள்.

அந்தச் செயலியைப் பராமரிக்கும் கழக்கூட்டம் ஆபீசில் அவள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் வேலையிலேயே மானம் போகலாமா? நடு சர்வருக்கும் சொல்லிக்கொடுத்தாள். அது விரித்தது, பார்த்தது, மறுபடி மடித்தது. மடித்து விரித்தே அதற்கு மூச்சு வாங்கியது.

"இப்ப பேரு வருது, கேட்டோ. ஆனா வர்றதுக்குள்ள நோயாளி எழுந்து நடந்துருவார்."

விஷ்ணுப்ரியாவுக்கு வீம்பு வந்தது. சின்னத் துணுக்குகளையும் விடாமல் சுருக்கினாள். 'சரி' என்ற ஒற்றைச் சொல்லைச் சுருக்கப்போய், சுற்றிய உறை சொல்லைவிடப் பெரிதாகிவிட்டது. போன் மறுபடி அடித்தது.

"பதறாதீங்கம்மா, மெல்லப் பாப்போம்" என்றார் பக்கத்து நாற்காலி வன்னியபெருமாள். திருநெல்வேலிக்காரர். ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாதவர்.

சாப்பாட்டுக்கு அப்புறம் குற்றவாளி அகப்பட்டது. கோமதி என்றொரு நோயாளி. நர்ஸ் போகும்போதெல்லாம் "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டு, அவள் குரலிலேயே பதிந்த பதில்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. அந்த ஒரு பக்கமே நாள் முழுக்கத் திறந்து திறந்து, எல்லா அடுக்கையும் அடைத்துக்கொண்டிருந்தது.

"சார், இவங்க ஆடி மாசமே போயிட்டாங்க! செத்தவங்க பக்கத்தை யார் திறப்பா? ஏதோ புரோகிராம் கிறுக்குப் பிடிச்சுச் சுத்தறது."

"அத மட்டும் அமுக்க வேண்டாமே. குரல் கெட்டுரும்லா."

"யார் சார் கேக்கப்போறா?"

அவர் தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷ்ணுப்ரியா அத்தனை பதிவையும் அமுக்க முடிந்த மட்டும் அமுக்கினாள். இடம் மிச்சமாகட்டும் என்று அசலையும் அழித்தாள். செயலி பறந்தது. மேனேஜர் எல்லோருக்கும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வரவழைத்தார். வன்னியபெருமாள் காதில் ஹெட்போனை மாட்டி எதையோ கேட்டார். கழற்றி வைத்தார். பழம்பொரியைத் தொடாமல், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். வயிறு சரியில்லை போல என்று விஷ்ணுப்ரியா நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜெபமலர் நன்றி சொல்லக் கூப்பிட்டாள்.

"நல்ல ஸ்பீடு மோளே! உங்க பெருமாள் சாருக்கும் பெரிய உபகாரம், அல்லே? கோமதி சேச்சி குரலை வெளியே எடுத்துக் கொடுக்க ரூல் இல்லைன்னு, பாவம், பொண்டாட்டி பேசினதை ஆபீஸ்ல இருந்துதான் தினமும் கேட்டுட்டிருந்தார். இனி அவருக்குக் காத்திருக்க வேண்டாமே!"